காப்புக் கட்டிய கை: மலையகக் கதையில் குறையுள்ள பூசாரியை எழுதும் முறை

மலையகக் கதையில், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதையில், பூசாரி கோயில் காசைத் தொட்டுவிட்டார் என்று எழுதினால் வாசகருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு கதையை மூடிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதே பூசாரியை, காசைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்துக்கு ஏற்றிவிடுங்கள். மழை, கையில் டோர்ச், மடியில் விபூதிப் பை. காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையின் நெற்றியில் விபூதி போட்டு, விடிந்ததும் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, நீட்டிய தேத்தண்ணியைக்கூட வாங்காமல் இறங்கிப் போகட்டும். அதற்குப் பிறகு அவர் காசைத் தொட்டால் வாசகரால் கதையை மூடவும் முடியாது, அவரைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

வாசகரை அந்த இடத்தில் நிறுத்திவைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். பூசாரியை முன்வைத்துச் சொல்கிறோம். உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கிக்கும், கிறிஸ்தவ சபையில் போதிக்கும் உபதேசியாருக்கும் பாஸ்டருக்கும் முறை இதுவேதான், இடத்துக்கிடம் மாறுவதை அங்கங்கே சொல்கிறோம்.

குறையை எங்கிருந்து எடுப்பது

எழுத உட்காருபவர்கள் முதலில் செய்யும் தவறு, குறையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது. பூசாரி குடிப்பார், பூசாரிக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்று எழுதுவார்கள். அது மேசனுக்கும் இருக்கலாம், மாஸ்டருக்கும் இருக்கலாம். கதை ஏன் ஒரு பூசாரியைப் பற்றியது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. நல்லதைச் செய்யும் கை எதுவோ அதே கையிலிருந்துதான் கெட்டதும் வர வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தாளை எடுத்து, அவர் ஊருக்குச் செய்யும் வேலைகளில் மிகச் சிறந்தது எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, அந்தத் திறமையே தப்பாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று இன்னொரு வரி. கோடாங்கியின் திறமை, வந்திருப்பவள் வாய் திறக்கும் முன்பே அவள் வீட்டுக் கஷ்டத்தை ஊகிப்பது. அது திரும்பினால் லயத்து ரகசியங்கள் அத்தனையும் அவர் மடியில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். பாஸ்டரின் திறமை, நம்பிக்கை விட்டுப்போன குடும்பத்தை ஜெபத்தில் சேர்த்துப் பிடித்து வைப்பது. அது திரும்பினால், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய ராத்திரியில், ஜெபம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் விடியும்வரை பிடித்து வைத்துக்கொள்வார். உபதேசியாரின் திறமை எழுத்து. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோன பிறகு, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் 1949இல் வந்தது. திருமணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும், அதுவும் 1951க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்தில் அந்த நேரம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் உபதேசியாரை நினைத்துப் பாருங்கள். தன் சபைக்கு வந்த வீடுகளுக்கு முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வீடுகளை ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்புகிறார். திருட்டும் இல்லை, பொய்யும் இல்லை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லில் நாடற்றுப் போகிறது.

இப்படி இரண்டு வரியும் ஒன்றோடொன்று பிணைந்தால் பாத்திரம் கிடைத்துவிட்டது. பிணையாவிட்டால் குறையை மாற்றுங்கள், ஆளை மாற்றாதீர்கள்.

வேலையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்து வாசகர் நம்பிக்கையை இழப்பது பெரும்பாலும் தொழில் விவரத்தில்தான். குருக்களும் பூசாரியும் ஒருவரல்லர். தோட்டத்துப் பூசாரி பெரும்பாலும் தோட்டத்து ஆளே. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கத்தி பிடிப்பார், வெள்ளிக்கிழமை பின்னேரம் குளித்துவிட்டுக் கோயில் கதவைத் திறப்பார். குருக்கள் கும்பாபிஷேகத்துக்கும் பெரிய திருவிழாவுக்கும் டவுனிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வந்து, தட்சணை வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் கோயில் காசைத் தொட்டார் என்று எழுதினால், எந்தப் பெட்டியிலிருந்து, எப்போது என்று வாசகர் கேட்பார். பூசாரியின் குறை தினமும் கூட இருப்பவரின் குறை, குருக்களின் குறை வந்துபோகிறவரின் குறை. வந்துபோகிறவர் செய்யும் தப்பு பெரும்பாலும் பாராமுகமாகவே இருக்கும். ஒரு லயத்துக்காரர் பிடித்துவந்த தட்டை எடுக்காமல் அடுத்த தட்டுக்குப் போவது போல.

காசு யார் கை வழியாகப் போகிறது என்பதையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில தோட்டங்களில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கழித்து, தோட்டத்து ஒப்பீஸ் வழியாகக் கோயில் கமிட்டிக்கு வரும். உண்டியல் சாவி கமிட்டியிடம். வரவு செலவு எழுதும் சீஆர் கொப்பி பொருளாளரிடம். பூசை வேளையில் தட்டில் விழும் சில்லறை பல கோயில்களில் பூசாரிக்கே உரியது, அதை அவர் எடுத்துக்கொண்டதைக் களவு என்று எழுதினால் கதை அந்த வரியிலேயே விழுந்துவிடும். பூசாரியின் கைக்கு நேராக வந்து, எந்தக் கொப்பியிலும் ஏறாமல் போகக்கூடிய காசு ஒன்றே ஒன்று: நேர்த்திக் காசு. பிள்ளை பிழைத்தால் தருவதாக மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுச் சாமிப் படத்தடியில் வைத்திருந்து, பிறகு கொண்டுவந்து கையில் கொடுப்பது. கொடுப்பவர் எவ்வளவு என்று சொல்வதில்லை, வாங்குபவர் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் பூசாரி தவறுவதானால் இங்கே தவறட்டும். கமிட்டிக் காசில் தவற வேண்டுமென்றால் பொருளாளரையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும். அவர் கண்டும் காணாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் வேண்டும்.

கத்தோலிக்கப் பாதர் என்றால் அவருக்கு மேலே ஆயர் இருக்கிறார், இடமாற்றம் இருக்கிறது. தப்பு தெரியவந்ததும் ஆள் வேறு பங்குக்குப் போய்விடலாம், கேள்வி கேட்க வேண்டிய சனம் மட்டும் பின்னால் நிற்கும். லயக் காம்பராவில் ஜெபக்கூட்டம் நடத்தும் தனிச்சபைப் பாஸ்டருக்கு அப்படி மேலே யாரும் இல்லாமலும் போகலாம். இந்த வித்தியாசம் ஒன்றே கதையின் முடிவைத் தீர்மானித்துவிடும். பௌத்த பிக்குவான ஆமதுருவையும் மௌலவியையும் எழுதுவதானால் அவர்கள் சமூகத்திலேயே இரண்டு பேரிடம் காட்டாமல் வெளியிடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்து எழுதிய குறை, பக்கத்து வீட்டுக்காரர் மேல் போட்ட பழியாகத்தான் வாசிக்கப்படும்.

குறையின் எடை

எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பெயரடையால் சொல்லாதீர்கள், நாட்சம்பளத்தால் அளந்து பாருங்கள். கதை 2022இல் நடக்கிறது என்று வைப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. நம் கதைத் தோட்டத்தில் 140 குடும்பம், மாதச் சந்தா 150 ரூபா. மாதம் 21,000, வருடத்துக்கு 252,000. பூசாரியும் பொருளாளரும் சேர்ந்து மறைத்தது 30,000 என்றால் அது 30 முழுப்பேர், அதாவது முப்பது நாள் முழுச் சம்பளம். கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் விழும் நாட்களையும் சேர்த்தால் ஒரு பெண் ஒன்றரை மாதத்துக்கு மேல் மலையில் நின்ற காசு.

இப்போது அதே 30,000ஐ 140ஆல் வகுங்கள். வீட்டுக்கு ஏறத்தாழ 214 ரூபா. அந்தக் காசால் எந்த வீட்டிலும் அடுப்பு அணையப் போவதில்லை. ஆனாலும் தோட்டமே கொதிக்கும், ஏனென்றால் அது அம்மனுடையது. ஆளுக்கு 214 ரூபா இழப்புக்கும், ஊரின் கொதிப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் உங்கள் கதை நடக்கிறது. தொகையை மூன்று லட்சமாக்கினால் இடைவெளி மூடிவிடும், பொலிஸ் கதையாகிவிடும். ஆயிரம் ரூபாவாக்கினால் ஊர் சிரித்து மறந்துவிடும். சிறுகதைக்கு எங்கள் கணிப்பில் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகைதான் சரியாக உட்காரும்.

காசில்லாத குறைக்கும் இதே அளவுகோலைத் தேடுங்கள். எத்தனை நாள் பேசாமலிருந்தார், எத்தனை வீட்டுக்குத் தெரியும், யாருடைய பிள்ளையின் பாடசாலை நின்றது.

காட்சிகளை அடுக்குவது

3,000 சொல் கதை என்று வைத்துக்கொண்டால், முதல் 600 சொல்லில் அவர் வேலையை மட்டும் காட்டுங்கள். பூர்வீகம் வேண்டாம், அப்பா பூசாரி, தாத்தா பூசாரி என்ற பரம்பரைக் கதையும் வேண்டாம். கை வேலை செய்யட்டும். கரகத்துக்குச் செம்பு விளக்குவது, வேப்பிலை கட்டுவது, எலுமிச்சம்பழம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இரண்டு தரம் மாற்றி வைப்பது. இதில் அவர் கெட்டிக்காரர் என்று வாசகருக்குப் பட வேண்டும். கெட்டிக்காரரைத்தான் வாசகர் முதலில் விரும்புவார், நல்லவரை இல்லை.

700ஆவது சொல்லுக்கும் 900ஆவது சொல்லுக்கும் நடுவே ஒரு சிறு பிசகு. யாரும் கவனிக்காதது, வாசகர் மட்டும் கவனிப்பது. அடுத்த 1,200 சொல் நெருக்கடியும் தப்பும் சேர்ந்து நடக்கும் பகுதி. தெரியவருவதற்கு 500. மீதியை, தெரிந்த மறுநாள் அவர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற நியாயத்துக்கு மொத்தக் கதையிலும் 80 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். மகளின் படிப்பு, மனைவியின் ஒப்பரேஷன், எதுவானாலும் ஒரு தரம் சொன்னால் போதும். இரண்டாம் தரம் சொன்னால் எழுதுபவர் கெஞ்சுகிறார் என்று தெரிந்துவிடும்.

நாவலில் இந்த அளவுகள் நீளும். வரிசை மாறக் கூடாது.

அருகில் போய்ப் பாருங்கள்

முதல் வரைவுகளில் அடிக்கடி வரும் வகை வாக்கியம் இது:

‘பூசாரி கோயில் பணத்தைக் கொண்டு கடனை அடைக்கப் போனார். அவர் மனச்சாட்சி அவரைக் குத்தியது. அம்மன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்.’

மூன்று வாக்கியத்திலும் கண்ணுக்குப் படுவது ஒன்றுமில்லை. இதை மாற்ற, திருவிழா வழக்கத்திலேயே ஒரு பொருளைத் தேடுங்கள். காப்பு இருக்கிறது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து மணிக்கட்டில் கட்டிய பிறகு, காப்பு அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். கடன்காரனோ டவுனில் இருக்கிறான். அப்படியானால் தப்பு நடக்கும் இடம் பஸ், பார்ப்பவள் பிள்ளை மடுவம் என்ற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின் ஆயம்மா:

‘ஹட்டன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோது ஸ்வெட்டர் கை முழங்கைப் பக்கம் சரிந்தது. மணிக்கட்டில் காப்பு. மஞ்சள் இன்னும் காயவில்லை, கம்பியில் ஒரு கோடாக ஒட்டியது. பூசாரி கையை மாற்றினார். மாற்றிய கையில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை மடுவத்து ஆயம்மா காப்பைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“டவுனுக்கா பூசாரியாரே?”

“கற்பூரம் முடிஞ்சிருச்சு தங்கச்சி.”

கற்பூரம் தோட்டத்துக் கடையிலேயே இருந்தது. முந்தா நாள் அவள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.’

இங்கே மனச்சாட்சி என்ற சொல்லே வரவில்லை. காப்பும் காசும் இரண்டு கைகளில் இருக்கின்றன, ஒன்றை மறைத்தால் மற்றது வெளியே தெரிகிறது. ஆயம்மாவும் சத்தம் போடவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது நமக்குத் தெரிந்த நொடியிலிருந்து, நாமும் அவளோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். குறையுள்ள பூசாரியோடு வாசகருக்கு உறவு உண்டாவது இப்படித்தான். அவருக்காக வாசகர் ஒரு தரமாவது பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

‘நீ’யும் ‘டேய்’யும்

மலையகக் கதையில் பூசாரியை எழுதுவதற்கு விளிச்சொல் போல உதவும் கருவி வேறில்லை. ஒரே ஆளை ஒரே நாளில் எத்தனை விதமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். காலையில் மலையில் வேலை வாங்கும் கங்காணி ‘ஏய் மாரிமுத்து, அந்த நெரையப் பிடி’ என்பார். மூத்த பெண்கள் ‘தம்பி’ என்பார்கள். பின்னேரம் கோயில் வாசலில் அதே பெண்கள் ‘பூசாரியாரே’ என்பார்கள். அருள் வந்த பிறகு அவர் ‘ஆத்தா’. அப்போது கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் கும்பிட்டு நிற்பார்கள், அவர் எல்லோரையும் ‘டேய்’ என்பார். உடுக்குச் சத்தம் நிற்கும்வரை அந்த அதிகாரம் அவருடையது. நின்றதும் மறுபடி மாரிமுத்து.

குறைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கங்காணி ஒரு கிழமையாகக் கரட்டு மலையிலேயே போட்டு அரைப்பேர் விழ வைத்தார் என்று வையுங்கள். வெள்ளி ராத்திரி அருள் வருகிறது. ‘டேய், என் பிள்ளைங்க வயித்துல அடிச்சவன் இங்கதாண்டா நிக்கிறான்.’ கூட்டம் நடுங்குகிறது. பேசியது அம்மனா, மாரிமுத்தா? அவருக்கே தெரியுமா? இதற்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். நடிக்கிறார் என்று எழுதினால் பக்தியுள்ள வாசகர் போய்விடுவார், அம்மன்தான் என்று எழுதினால் மற்றவர் போய்விடுவார். உடம்பில் நடப்பதை மட்டும் எழுதுங்கள். கால் பெருவிரல் தரையில் ஊன்றுவது, குரல் அடித்தொண்டைக்கு இறங்குவது, தீச்சட்டி பிடித்த உள்ளங்கை. இரண்டு வாசிப்புக்கும் வழி இருக்க வேண்டும்.

வாசகர் இந்த இடத்தில் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார் என்பதையும் கவனியுங்கள். கங்காணிக்கு நன்றாக வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்ற விடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ‘டேய்’, சந்தா கட்ட முடியாத ஒரு விதவையின் மேல் விழட்டும். போன கிழமை கை தட்டிய வாசகருக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

அருள் வாக்கை எழுத்துத் தமிழில் எழுதாதீர்கள். தோட்டத்துப் பேச்சில், சின்னச் சின்ன வாக்கியமாக, இடைநிறுத்தி எழுதுங்கள். பாஸ்டரின் பேச்சில் வேதாகமத் தமிழ் கலந்து வரும், ‘கர்த்தருக்குள்ள தைரியமா இருங்க அக்கா’ என்ற மாதிரி. அந்தக் கலப்பை எழுதத் தெரியாவிட்டால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

அடிக்கடி கெடுவது முடிவில்தான். கூட்டத்தின் நடுவே பூசாரி அழுது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் பேசுவார். தோட்டத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. கமிட்டி விசாரித்தால் தலையைக் குனிந்து ‘ஆமா, எடுத்தேன்’ என்பார், அவ்வளவுதான். மீதியை அவருடைய கோயில் சாவி பேசட்டும்: யாரிடம் நீட்டினார், வாங்க யாரும் கை நீட்டாமல் அது எவ்வளவு நேரம் அவர் கையிலேயே இருந்தது.

அடுத்தது அம்மன் தண்டனை. பாம்பு கடித்தது, கை விளங்காமல் போனது, பிள்ளைக்கு அம்மை போட்டது. இதை எழுதிய உடனே வாசகர் கடமையிலிருந்து விடுபட்டுவிடுவார், தீர்ப்பு மேலிருந்து வந்துவிட்டதல்லவா. ஊர் பேசிக்கொள்வதாக எழுதலாம், ஊர் நிச்சயமாகப் பேசும். கதை அதற்குச் சாட்சி சொல்லக் கூடாது.

இன்னொரு கேடு, படித்துவிட்டு டவுனிலிருந்து திரும்பும் இளைஞனைக் கொண்டு பூசாரியை அம்பலப்படுத்துவது. சனத்தின் நம்பிக்கை முழுவதும் அறியாமை என்று ஆகிவிடும். வெள்ளைக்காரர் காலத்தில் நாட்டைவிட்டு வந்து, துரையின் மண்ணில், துரை கட்டிய லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல இருந்தது அந்தக் கோயில்தான். ஆலை இயந்திரச் சக்கரத்தின் பெயரைக் கொண்ட ரோதை முனியும் கவ்வாத்துச் சாமியும் வேலையிலிருந்தே பிறந்த சாமிகள். பூசாரியின் தப்பு ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பது இந்த நம்பிக்கையை மதிக்கத் தெரிந்தவருக்குத்தான் எழுத வரும்.

நம் வாசகர்கள் குறையுள்ள குருவைப் புதிதாகப் பார்க்கிறவர்களும் இல்லை. சீடன் மாவலியைக் காப்பாற்றுவதற்காக வண்டாகிக் கமண்டல வாயை அடைத்து, தர்ப்பையால் ஒரு கண்ணை இழந்த சுக்கிராச்சாரியாரைத் தெரியும். சேவல் கூவும் முன்னே மூன்று தரம் ‘அவரை அறியேன்’ என்ற பேதுருவைத் தெரியும். இரண்டிலும் தப்புக்குள்ளே ஒரு பற்று இருக்கிறது. மாவலி தாரை வார்த்துவிடக் கூடாதே என்ற தவிப்புதான் குருவை வண்டாக்கியது. பேதுரு ஓடியே போய்விடவில்லை, தூரத்தில் பின்னாலேயே போய் முற்றத்தில் நெருப்பருகே நின்றதால்தான் மாட்டிக்கொண்டார். உங்கள் பூசாரியும் யாரையோ, எதையோ விட முடியாமல் நின்ற இடத்தில் தவறினால், வாசகர் அவரைப் பழைய உறவுக்காரர் போல அடையாளம் கண்டுகொள்வார்.

உறவு கொண்டாடக் கூடாத இடம்

மேலே சொன்ன எதையும் ஒரு வகைத் தப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளையிடமோ, உதவி தேடி வந்த பெண்ணிடமோ தன் இடத்தைக் காட்டி உடம்பில் கை வைத்தவர் பாத்திரமானால், முறையை முழுவதும் திருப்பிப் போட வேண்டும். அவருடைய திறமை, அவருடைய தவிப்பு, அவருடைய 80 சொல் நியாயம் எதுவும் முன்னால் வரக் கூடாது. கதை பாதிக்கப்பட்டவளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பூசாரி நல்லவர் என்ற பெயர் அவளுக்கு எப்படிச் சுவராகிறது என்பதை எழுதுங்கள்: அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தபோது அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது, கமிட்டி ‘கோயில் பேர் கெட்டுப்போகும்’ என்றது. சம்பவத்தை விவரிக்க வேண்டியதில்லை. கதவு சாத்தியதும் காட்சியை வெட்டிவிடலாம். இந்த வகைக் கதையில் வாசகருக்கு உறவு அவளோடுதான் உண்டாக வேண்டும்.

ஆள் அடையாளம்

தோட்டம் சின்ன இடம். பிரிவின் பெயர், கும்பாபிஷேகம் நடந்த வருடம், பூசாரியின் நொண்டும் கால், இதில் இரண்டு சேர்ந்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். தோட்டத்துப் பெயரைக் கற்பனையாக வையுங்கள், டவுனின் பெயர் மட்டும் உண்மையாக இருக்கலாம். கேள்விப்பட்ட ஒரு தப்பை அப்படியே எடுக்காமல், காலத்தை ஒரு பத்து வருடமாவது தள்ளுங்கள். தள்ளும்போது காசுக் கணக்கும் மாறும் என்பதை மறக்காதீர்கள். 1970களுக்குத் தள்ளினால் கதையே வேறாகிவிடும்: 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் குடும்பங்கள், 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறிய காலம். கப்பலுக்குப் பேர் வந்த பூசாரி, கோயில் செம்பை மூட்டையில் வைத்துக் கட்டுகிறார் என்றால் அது களவா, பிரியமா என்று வாசகர் ராத்திரி முழுக்க யோசிப்பார்.

வாசிக்கக் கொடுப்பது

வரைவு முடிந்ததும் மூன்று பேருக்குக் கொடுங்கள். ஒருவர் பூசை செய்கிறவர் அல்லது அந்த வீட்டில் பிறந்தவர். ஒருவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர். ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண், வாசிக்க நேரமில்லை என்றால் உரக்க வாசித்துக் காட்டுங்கள். சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டி வேண்டாம், யாருக்கும் மனம் அதில் இருக்காது.

கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘நாளைக்கு உங்க புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, விபூதி போட இந்தப் பூசாரிக்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்களா?’

மூன்று பேரும் உடனே ‘போவோம்’ என்றால் குறையின் எடை போதவில்லை, தொகையையோ பாதிக்கப்பட்டவரையோ மாற்றிப் பாருங்கள். மூன்று பேரும் ‘மாட்டோம்’ என்றால் முதல் 600 சொல்லுக்குத் திரும்புங்கள், அவர் கை அங்கே சரியாக வேலை செய்திருக்காது. ஒருவர் ‘விபூதி அம்மனோடதுதானே, போவேன்’ என்றும், இன்னொருவர் ‘அந்தக் கையாலயா’ என்றும் ஆரம்பித்து, இரண்டு பேரும் உங்களை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினால், கொப்பியை எடுத்து அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதிக்கு வேண்டிய வசனங்கள் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.